வூட்டுக்கு வழி சொல்லு

அவர் யாரைப் பார்த்தாலும் முதலில் பெயரைக் கேட்க மாட்டார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"உன் வூட்டுக்கு வழி சொல்லு."

வழி என்றால் பேருந்திலிருந்து தொடங்க வேண்டும். எங்கே இறங்குவது, இறங்கியதும் எந்தப் பக்கம் பார்த்து நிற்பது, முதலில் வருவது டீக்கடையா கோயிலா, வாசலில் நாய் உண்டா, அது கடிக்குமா, அப்பாவை ஊரில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். எல்லாம் கேட்டபிறகு கண்ணை மூடிக்கொள்வார். உதடுகள் அசையும். அந்த வழியில் மனதுக்குள் ஒரு முறை நடந்து பார்க்கிறார் என்று நமக்குத் தெரியும். வீடு வந்து சேர்ந்ததும் கண்ணைத் திறந்து, "செரி, வந்துட்டன்" என்பார்.

எல்லையில் சண்டை மூண்டிருந்த ஒரு கோடையில், வடக்கே மலையடிவாரத்து டிரான்சிட் முகாம் ஒன்றில் அவரைத் தெரியும் எனக்கு. விடுப்பு ரத்தாகித் திரும்பியவர்கள், ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்கள், பயிற்சி முடித்த புதியவர்கள் எல்லோரும் அங்கேதான் வந்து விழுவார்கள். மேலே சண்டை முனையில் எந்தப் படைப்பிரிவுக்கு ஆள் குறைகிறதோ, அங்கே கீழேயிருந்து ஆள் போகும். அதுவரை காத்திருப்பதுதான் வேலை. அவரும் அப்படிக் காத்திருந்த ஹவில்தார். முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து வந்திருந்தார். நான் ராணுவப் போலீசில் லான்ஸ் நாயக். முகாம் வாயிலில் காவல். எங்கள் பிரிவும் மேலே போகும் உத்தரவுக்காகக் காத்திருந்தது.

என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. நான் பட்டம் வாங்கி, ஓட்டத்தில் ஜெயித்து, சீருடை போட்டவள். எனக்குக் கர்வம் உண்டு. அதை மறைக்க வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

முதல் நாள் வாயிலில் என் பேச்சைக் கேட்டு அவர் நின்றார்.

"ஏம் பாப்பா, தருமபுரிப் பக்கமா?"

"லான்ஸ் நாயக்னு கூப்பிடுங்க சார்."

"அட, செரிங்க. லான்ஸ் நாயக் பாப்பா, உன் வூட்டுக்கு வழி சொல்லு."

கடைசிவரை அப்படியேதான் கூப்பிட்டார். அவர் கடத்தூர் பக்கம், ஒரு புதூர். எங்கள் மாவட்டத்தில் கல்லை எறிந்தால் ஒரு புதூரில் விழும்.

முகாமில் பகல் நீளமானது. காலையில் தலை எண்ணுவார்கள். பிறகு உருளைக்கிழங்கு உரிப்பது, மணல் மூட்டை கட்டுவது, நேற்றுத் துடைத்த துப்பாக்கியை இன்றும் துடைப்பது. சாயங்காலம் எல்லோரும் வரிசையில் நிற்க, சுபேதார் சாப் எண்களை வாசிப்பார். எண் வந்தவன் ஓரடி முன்னால் வர வேண்டும். மறுநாள் விடியும்முன் அவன் லாரி ஏறிவிடுவான். எண் வராதவர்கள் லங்கர் என்ற சமையல்கூடத்துக்குப் போய்த் தட்டை நீட்டுவோம். அந்த நேரத்தில் யாரும் யாருடனும் பேச மாட்டார்கள். சப்பாத்தி தட்டில் விழும் சத்தம்கூடக் கேட்கும்.

துணி துவைப்பதை எல்லோரும் நிறுத்தியிருந்தார்கள். கொடியில் துணி ஈரமாக இருக்கும்போது எண் வந்துவிட்டால் என்ன செய்வது? ஈரத்துணியை மடித்து எடுத்துப் போனால் மலைக்குளிரில் அது காயவே காயாது. அதனால் வியர்வை நாற்றத்தோடு படுத்தார்கள், பூட்ஸின் நாடாவை மட்டும் தளர்த்திக்கொண்டு. அவர் ஒருவர்தான் தினமும் துவைத்தார். முகாமின் நீளக் கொடியில் அவருடைய இரண்டு பனியன்கள் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்.

"பயமில்லையாண்ணா?" என்று ஒருமுறை கேட்டேன். பணி நேரம் முடிந்தால் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன்.

"எதுக்குப் பயம்? துணி காயறதுக்குள்ள என்னக் கூப்புட மாட்டாங்க" என்றார். சிரிக்கவில்லை.

மேலே போகிறவர்கள் முதுகுப்பையோடுதான் போவார்கள். கறுப்பு டிரங்குப் பெட்டி முகாமின் கிடங்கில் தங்கிவிடும். திரும்பி வந்து எடுத்துக்கொள்வார்கள்; வராவிட்டால் பெட்டி ஊருக்குப் போகும். முழங்கால் சரியாகும்வரை அந்தக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும்படி அவரைப் போட்டிருந்தார்கள். அங்கே இரண்டு பெயிண்ட் டப்பாக்களும் ஒரு தூரிகையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அழிந்துபோன எழுத்துகளின் மேல் மறுபடி எழுதுவார். பெயர், எண் மட்டுமல்ல. 'டீக்கடைக்கு எதிரே', 'பச்சைக் கதவு', 'வேப்பமரத்து வீடு' என்று வழி முழுவதையும் எழுதுவார். தமிழனுக்குத் தமிழில், மற்றவர்களுக்கு அவர்கள் சொல்லச் சொல்ல இந்தியில், கோணல் கோணலாக.

ஆரம்பத்தில் எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. வெளிச்சம் வைக்கக் கூடாது என்ற உத்தரவால் பொழுது சாய்ந்ததும் முகாம் இருட்டிவிடும். பேசத்தான் முடியும். "அண்ணே, என் வூட்டுக்குப் போங்கண்ணே" என்று யாராவது கேட்பார்கள். அவர் கண்ணை மூடி ஆரம்பிப்பார். பேருந்து நிற்கும், இறங்குவார், கால்வாயைத் தாண்டுவார், நாய் குரைக்கும். கேட்டவன் அதற்குள் தூங்கியிருப்பான்.

சித்தேரி மலைக்காரன் ஒருவன் இருந்தான், லாரி டிரைவர். அவனிடம் வழி கேட்டபோது சொன்னான்:

"அரூர்ல பஸ் ஏறுங்க. எங்க வாந்தி வருதோ அங்க எறங்குங்க. அதாங்க எங்க ஊரு."

"வாந்தி வரலீன்னா?"

"வரும் வரும். எங்க பஸ்ஸுல கண்டக்டரே எடுப்பாரு."

அன்றைக்கு அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவன் பெட்டியில் 'கடைசி நிறுத்தம், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்' என்று எழுதினார். எழுதி முடித்துக் காய்வதற்காகத் திருப்பி வைத்தபோது டிரைவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"ஏண்ணே, நான்தான் வரப் போறன், எனக்கு வழி தெரியுமே. இது யாருக்குண்ணே?"

அவர் தூரிகையைத் துடைத்தார்.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது. முதல் லாரிகளில் போன இருவர் திரும்பி வர மாட்டார்கள் என்று செய்தி வந்தது. இருவர் பெட்டியிலும் பெயிண்ட் இன்னும் புதிதாக இருந்தது. மறுநாளிலிருந்து அவர் பக்கத்தில் யாரும் தட்டை வைத்துக்கொண்டு உட்காரவில்லை. "வழி சொல்லு" என்றால், "மறந்துபோச்சுங்க" என்பார்கள். அவர் கையில் தூரிகையைப் பார்த்தால் வேறு பக்கமாகச் சுற்றிப் போவார்கள். சுபேதார் சாப் அவரைக் கூப்பிட்டு, பையன்களைப் பயமுறுத்தாதே என்றார். அவர் நிமிர்ந்து நின்று, சரி என்றார். அதன்பின் வாயால் கேட்பதில்லை. கண்ணால் கேட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது.

என் பெட்டியை நானே எழுதியிருந்தேன். வெள்ளைப் பெயிண்டில், ஸ்கேல் வைத்து, ஆங்கிலத்தில். எண், பதவி, பெயர், ஊர், மாவட்டம். எழுதி முடித்த அன்று போட்டோ எடுத்து அப்பாவின் போனுக்கு அனுப்பினேன். அவருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. ஆனாலும் தக்காளி மண்டியில் எல்லோரிடமும் காட்டியிருக்கிறார்.

அவர் அந்தப் பெட்டியைக் குனிந்து பார்த்தார்.

"எழுத்து அச்சு மாதிரி இருக்குது. உங்க அம்மாவுக்குப் படிக்கத் தெரியுமா பாப்பா?"

எனக்குச் சுருக்கென்றது. "தெரியாது. அது உங்களுக்கு எதுக்கு?"

"கோச்சுக்காத. உக்காரு. ஒண்ணு சொல்றன்."

பல வருடம் முன்னால் அவர் விடுப்பில் ஊருக்குக் கிளம்பிய நேரம். ஒரு சிப்பாய் பள்ளத்தில் விழுந்து கால் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவனுடைய பெட்டியை வீட்டில் சேர்த்துவிடு, உன் ஊர்க்காரன்தான் என்று அவரிடம் கொடுத்தார்கள். பெட்டியில் இருந்தது இவ்வளவுதான்: முருகன், புதூர், தருமபுரி. அவர் ஊரான புதூரிலும் ஒரு முருகன் பட்டாளத்தில் இருந்தான். நான்கு வீடு தள்ளி. அவர் வேறு எதையும் யோசிக்கவில்லை.

"நான் பெட்டியத் தோள்ல வெச்சிக்கிட்டுத் தெருவுல வரன். முருகனோட ஆத்தா வாசல்ல பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்துச்சு. என்னப் பாத்துச்சு. பெட்டியப் பாத்துச்சு. என் பின்னால யாரும் வரலீன்னு பாத்துச்சு. நான் வாயே தொறக்கல பாப்பா. அதுக்குள்ள விழுந்துடுச்சு."

ஊரே கூடிவிட்டது. ஒப்பாரி எழுந்துவிட்டது. அவர், கால்தான் உடைந்தது, உயிரோடு இருக்கிறான் என்று கத்தியதை யாரும் கேட்கவில்லை. பிறகுதான் அது மாரண்டஹள்ளிப் பக்கத்துப் புதூர் முருகனின் பெட்டி என்று தெரிந்தது. இந்த முருகன் சிக்னல் இல்லாத ஒரு மலையுச்சியில் நன்றாக இருந்தான். மறுநாள் அவனைக் கீழே இறக்கிப் போனில் பேச வைத்தார்கள்.

"மவன் பேசறான், 'ஆத்தா நான்தான்'ங்கறான். அந்தம்மா என்ன சொல்லுச்சு தெரியுமா? 'யாரையோ புடிச்சிப் பேச வெக்கறீங்க, இது என் புள்ள கொரல் இல்ல'ன்னுச்சு. அவன் லீவுல நேர்ல வந்து நிக்கிற வரைக்கும் நம்பல. வந்தப்புறமும் மொகத்த மொகத்தத் தொட்டுப் பாக்குமாம். என்னப் பாத்தா இன்னிக்கும் கதவச் சாத்திக்கும்."

என் பெட்டியின் ஆங்கில எழுத்தை விரலால் தட்டினார்.

"எழுத்து போஸ்ட்மேனுக்கு. வூட்டுல இருக்கறவங்களுக்கு என்ன? உங்க வூட்டுல தக்காளி போடறீங்க இல்ல? கிரேடுக்கு என்ன மார்க்கு?"

பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி போகிற பிளாஸ்டிக் பெட்டிகளைத்தான் கிரேடு என்போம்; எல்லாம் ஒரே அளவு, பாதிக்குமேல் ஒரே நிறம். காலியானதும் மலைபோல் குவித்து வைத்திருப்பார்கள். அதில் தன்னுடையதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு வீட்டுக்கும் பெயிண்டில் ஓர் அடையாளம் உண்டு. என் அம்மாவுக்கு ஓர் எழுத்து தெரியாது. ஆனால் அந்தக் குவியலைத் தூரத்திலிருந்து ஒரு பார்வை பார்த்து, நம்முடையது ஒன்று குறைகிறது என்று சொல்லிவிடுவாள்.

"மஞ்ச வட்டம். நடுவுல ஒரு கோடு" என்றேன்.

அவர் என் ஆங்கில எழுத்தைத் தொடவில்லை. மூடியின் மூலையில் மஞ்சளில் ஒரு வட்டம் போட்டு நடுவில் ஒரு கோடு இழுத்தார். பெட்டி சட்டென்று எங்கள் வீட்டுப் பொருளாகிவிட்டது. அம்மா அதைப் பார்க்கிற மாதிரி ஒரு கணம் தோன்றியது. நான் பக்கத்தில் இல்லாமல், அது மட்டும் வாசலில் இருக்கிற மாதிரி. அழித்துவிடுங்கள் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை.

"உங்க பெட்டியக் காட்டுங்கண்ணா."

கிடங்கின் கடைசியில் இருந்தது. ஒரு எழுத்து இல்லை. ஒரு புள்ளி இல்லை. மேலெல்லாம் புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்து மினுமினுவென்று இருந்தது. எண் இல்லாத பெட்டியை வைக்கக் கூடாது என்று சுபேதார் சாப் திட்டியதால், எண் பொறித்த தகரத் துண்டு ஒன்றைக் கைப்பிடியில் நூலால் கட்டியிருந்தார்.

"ஊருக்கெல்லாம் எழுதறீங்க. இது ஏன் இப்படி இருக்குது?"

"எனக்கு எதுக்கு? நான்தான் பெட்டி கூடவே போவன்."

"கூப்பிட்டுட்டாங்கன்னா? சொல்லுங்க, நான் எழுதறேன். எந்த பஸ்? வீட்டுக்கு என்ன மார்க்கு?"

"லான்ஸ் நாயக் பாப்பாவுக்கு அதிகாரம் ஜாஸ்தி" என்று எழுந்து போய்விட்டார்.

நான் விடவில்லை. ஒவ்வொரு நாளும் கேட்டேன். ஒவ்வொரு நாளும் ஒரு சாக்கு. பெயிண்ட் கட்டியாகிவிட்டது, தூரிகை முடி கொட்டிவிட்டது, முழங்கால் வலிக்கிறது. ஒருநாள் அவர் வீட்டிலிருந்து போன் வந்தபோது பக்கத்தில் இருந்தேன். மனைவி. தக்காளிச் செடிக்கு மருந்து அடித்தாயா, மோட்டார் ஓடுகிறதா என்று மனைவியைக் கேட்டுக்கொண்டே வந்தவர், போனை வைக்கும்போது சொன்னார்: "நான் சொன்னது ஞாபகம் இருக்குதுல்ல? ம். அதான்." என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்டதற்கு, "மருந்துக் கணக்கு" என்றார்.

என் பிரிவுக்கு உத்தரவு வந்தது. மலைச்சாலையில் ஒரு வளைவு, கீழே ஆறு. மேலே போகும் லாரிகளை நிறுத்தி, ஒவ்வொன்றாக விட வேண்டும். கிளம்பும்போது கிடங்கில் என் பெட்டியை வைத்தேன். அவர் அதைத் தூக்கி அடுக்கில் வைத்து, மஞ்சள் வட்டம் வெளியே தெரியும்படி திருப்பினார். கண்ணை மூடிக்கொண்டார். உதடுகள் அசைந்தன. மாரண்டஹள்ளியில் இறங்கி எங்கள் வீட்டுக்கு நடக்கிறார் என்று தெரிந்தது. முடிப்பதற்குள் நான் திரும்பி நடந்துவிட்டேன். "வந்துட்டன்" என்று அவர் சொல்வதைக் கேட்க எனக்குத் தைரியமில்லை.

வளைவில் நின்ற நாட்களில் தூரத்துக் குண்டுச் சத்தம் பழகிவிட்டது. பழகாதது, நான் கொடி அசைத்து அனுப்புகிற முகங்கள். ஒரு மழை நாளில் லாரி ஒன்று வந்து நின்றது. ஸ்டீயரிங்கில் சித்தேரிக்காரன். பக்கத்தில் அவர். முழங்கால் சரியாகிவிட்டது என்று டாக்டர் எழுதியிருக்க வேண்டும்.

"துணி காஞ்சிடுச்சாண்ணா?" என்று கத்தினேன்.

"ஒண்ணு காயல. கொடியிலயே வுட்டுட்டன்" என்றார்.

"மார்க்கு என்னன்னு இப்பவாவது சொல்லுங்க!"

பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி முன்னால் காட்டினார். "வழி விடு, லான்ஸ் நாயக் பாப்பா."

நான் பச்சைக் கொடியை அசைத்தேன்.

இரண்டு வளைவு தாண்டி மண் சரிந்து லாரி ஆற்றில் விழுந்தது. டிரைவர் பாறையில் ஒட்டிக்கொண்டு பிழைத்தான். ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்தேன். "தண்ணியில அண்ணன் தலை ஒருக்கா தெரிஞ்சுதுங்க. அப்புறம் தெரியல" என்றான். பல நாள் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. காணவில்லை, இறந்ததாகக் கருதப்படுகிறது என்று அவர் வீட்டுக்குக் கடிதம் போயிற்று.

சண்டை நின்றது. ஆட்கள் இறங்கி வந்து கிடங்கில் தங்கள் பெட்டியை எடுத்துக்கொண்டார்கள். முன்பு அவரைக் கண்டு ஒதுங்கிய ஒருவன், தன் பெட்டியில் அவர் எழுதிய 'பச்சைக் கதவு' என்ற சொல்லைத் தடவிக்கொண்டே நின்றான். கடைசியில் எழுத்தில்லாத அந்தக் கறுப்புப் பெட்டி மட்டும் இருந்தது. நானும் அதே மாவட்டம் என்பதால், விடுப்பில் போகும்போது அதை வீட்டில் ஒப்படைக்கும்படி என்னிடம் கொடுத்தார்கள்.

கடத்தூரில் பேருந்து மாறிப் புதூரில் இறங்கினேன். அவர் சொன்ன முருகன் கதையிலிருந்து கற்றுக்கொண்டபடியே செய்தேன். பெட்டியைத் தெருவுக்குள் கொண்டுபோகாமல் டீக்கடையில் வைத்துவிட்டு, கடிதத்தில் இருந்த அவருடைய அப்பாவின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். இரண்டு பேரிடம் கேட்டேன். இருவரும் ஒரே வீட்டைக் காட்டினார்கள். அப்புறம்தான் தூக்கினேன்.

வாசலில் ஒரு பெண் தக்காளியைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் பொட்டு இருந்தது. சுற்றிலும் நீலக் கிரேடுகள். ஒவ்வொன்றிலும் வெள்ளையில் மூன்று புள்ளிகள், அடுப்புக் கற்கள்போல. இத்தனை நாள் நான் கேட்ட அடையாளம் அதுதான்.

சீருடையைப் பார்த்ததும் எழுந்தார். தண்ணீர் கொடுத்தார். நான் சொல்ல ஆரம்பித்தேன். நான் சொல்வதை அவர் கேட்கவில்லை; பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூடியைப் பார்த்தார். நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு சாய்த்து அடியிலும் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"இதுல எங்க மார்க்கு இல்லியே பாப்பா."

"அக்கா, நம்பர் இருக்குதுங்க. இந்தத் தகரத்துல பாருங்க, நான் படிக்கறேன்…"

"நூல்ல கட்டுனத யாரு வேணா மாத்திக் கட்டலாம். ஊரு பெட்டிக்கெல்லாம் மார்க்கு போடற ஆளு, தன் பெட்டிக்குப் போடாம வுடுவாரா? போன லீவுல சொல்லிட்டுத்தான் போனாரு. 'யாரு வந்து என்ன சொன்னாலும், என்ன பேப்பர் வந்தாலும் நம்பாத. மூணு புள்ளி வெச்ச பெட்டி வந்தா மட்டும் நம்பு'ன்னாரு." என் கையைப் பிடித்துக்கொண்டார். "இதே தெருவுல ஒரு தடவ இப்பிடி வூடு மாறி வந்து ஒரு பொம்பள பாதி உசுரு ஆயிட்டா. மாரண்டஹள்ளிப் பக்கம் இன்னொரு புதூர் இருக்குது. அங்க எந்த வூட்டுல காத்துக்கிட்டு இருக்காங்களோ. சீக்கிரம் கொண்டுபோய்க் குடு."

நான் பட்டம் படித்தவள். கையில் அரசாங்கக் கடிதம் வைத்திருந்தவள். எழுதாமல் விட்ட பெட்டியில் அண்ணா என்ன எழுதியிருந்தார் என்று அப்போதுதான் படித்தேன்.

"தொறந்து பாக்கலாங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"அடுத்தவங்க பெட்டிய நாம ஏன் தொறக்கணும்?" என்றார். ஒரு பையில் தக்காளி போட்டுக் கொடுத்தார்.

பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தபோது உள்ளே டப்பாக்கள் இடித்துக்கொண்டன. பெயிண்ட் டப்பாக்கள். வெள்ளையும் இருக்கும். மூன்று புள்ளி வைக்க எவ்வளவு நேரமாகும்? தெரு முனையில் பெட்டியை இறக்கிவைத்தேன். பூட்டின்மேல் கையை வைத்தேன். திரும்பிப் பார்த்தேன். அவர் மறுபடி குனிந்து தக்காளி பிரித்துக்கொண்டிருந்தார். நல்லது ஒரு பக்கம், அடிபட்டது ஒரு பக்கம்.

பேருந்தில் கண்டக்டர் பெட்டியைக் காலால் தட்டினார்.

"யாருதும்மா இது? பேரும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"எங்க அண்ணாதுங்க" என்றேன். "அவரு பின்னால வர்றாரு."